இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள்



போன வாரம் என் மகள் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டுப் பல பேர் போன் செய்தீர்கள். "சார், கண்ணுல என்னத்த மாட்டியிருக்கீங்க, வாட்ச் ரிப்பேர் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டான் ஒருவன். "சித்தப்பா, இந்த வயசுல உங்களுக்குப் பொம்மை கேக்குதா?" என்று சிரித்தாள் அண்ணன் மகள். தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவன் என்று என்னை உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், பொம்மைக்குத்தான் பெயின்ட் அடிக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை.

என் மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் போடி, வேலை ஜெர்மனியில். போன வருஷம் நானும் என் மனைவியும் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். அந்த ஊரில் மாடல் ரயில் என்பது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. என் வயதுக்காரர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள அறையில் பலகை அடித்து, தண்டவாளம் போட்டு, மலையும் சுரங்கமும் கட்டி ரயில் விடுகிறார்கள். பொம்மை வீட்டுக்குத் தகரச் சாமான் செய்ய 1859-இல் ஆரம்பித்த மெர்க்லின் கம்பெனி, 1891-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தது. அதில் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

மாப்பிள்ளை எங்களை ஹாம்பர்க்குக்குக் கூட்டிப்போனார். துறைமுகத்துப் பழைய கிட்டங்கி ஒன்றில் 2001-இல் திறந்த 'மினியாட்டுர் வுண்டர்லாண்ட்' என்ற மாடல் ரயில் உலகம் அங்கே இருக்கிறது. கால் மணிக்கு ஒரு தடவை பகல் போய் இரவு வருகிறது, ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. பொம்மை மனிதர்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். எனக்கு ரயிலை விட அந்த ஆட்கள் மேல்தான் கண் போனது. ஒருத்தி துணி காயப்போடுகிறாள், ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். யார் இதற்கெல்லாம் உட்கார்ந்து பெயின்ட் அடித்தார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். கேட்டதுதான் தப்பு.

மாப்பிள்ளை தன் வீட்டில் நம் ஆண்டிப்பட்டி ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போதுள்ளது இல்லை. மதுரைக்கும் போடிக்கும் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்து ஸ்டேஷன். அந்த வண்டி 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதை போட்டு 2022-இல் தேனி வரை மறுபடி ரயில் வந்தது. நடுவில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய வண்டி கதைதான்.

"மாமா, கட்டடத்தை நான் போட்டோ பாத்துக் கட்டிருவேன். ஆளுக? அவங்க நீங்க பாத்தவங்க. அத நீங்கதான் செய்யணும்" என்றார் மாப்பிள்ளை.

1984 முதல் 1991 வரை தினமும் உசிலம்பட்டியில் ஏறி, கணவாய் தாண்டி ஆண்டிப்பட்டியில் இறங்கினவன் நான். மறுக்க முடியவில்லை. ப்ரைசர் என்ற கம்பெனியின் பெயின்ட் அடிக்காத பொம்மைகள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

கணக்கு வாத்தியார் விகிதம் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த மாடலுக்கு ஹெச்.ஓ. அளவு என்று பெயர், விகிதம் 1:87. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 19.5 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. சுவிட்சர்லாந்திலும் மீட்டர் கேஜ் மலை ரயில்கள் உண்டு என்பதால் அவற்றின் மாடலுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. சுவிஸ்காரனுக்குச் செய்த தண்டவாளத்தில்தான் நம் ஆண்டிப்பட்டி வண்டி ஓடப்போகிறது.

வேலை இப்படி. பொம்மைகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, அச்சில் வார்த்த தடத்தைப் பிளேடால் சுரண்ட வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. பிறகு பாட்டில் கார்க் மேல் ஒட்டவைத்து, சாம்பல் நிற பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். அதன் பிறகுதான் வண்ணம். முதலில் தோல், அப்புறம் சட்டை, கடைசியில் மேல்துண்டு. நாம் உடுத்துகிற வரிசைதான். பெயின்டைத் தண்ணீராக இளக்கி இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். ஒரே பூச்சாக அப்பினால் துணி மடிப்பெல்லாம் மூடிப்போகும். கடைசியில் பழுப்புச் சாயத்தை நன்றாகக் கரைத்து விட்டால் அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழலாகிவிடும்.

பிரஷ் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். தப்பு. ரொம்ப மெல்லிய பிரஷில் பெயின்ட் பொம்மைக்குப் போவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. கொஞ்சம் தடித்து, நுனி கூர்மையாகக் கூடும் பிரஷ்தான் சரி. இரண்டு மணிக்கட்டையும் மேஜையில் ஊன்றி ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு, மூச்சை வெளியே விடுகிற நேரத்தில் தொட வேண்டும். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணும் 71 வயதுக் கையும் இவ்வளவு செய்யும் என்று நானே நினைக்கவில்லை. காபி குடித்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பிரஷைத் தொடுவதில்லை.

வந்த பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். தொப்பியைச் சீவிவிட்டு, எம்-சீலில் தலைப்பாகையும் சும்மாடும் செய்தேன். மெல்லிய காகிதத்தைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்துச் சுற்றினால் வேட்டி, சேலை. தேங்காய்க்குக் கேழ்வரகு. கொய்யாப்பழத்துக்குக் கசகசா. ஒரு கசகசா ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், நல்ல பெரிய கொய்யா. "கொழம்புக்கு வச்சிருந்தத எடுத்துட்டுப் போயி ஏவாரம் பண்றீங்களாக்கும்" என்று வீட்டில் திட்டு.

தோல் நிறம் என்று ஒரு பாட்டில் வந்தது. அந்த நிறத்தில் ஆண்டிப்பட்டியில் ஒரு ஆள் கிடையாது. பழுப்பும் காவியும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து நானே செய்தேன். ஒரே கலவையை எல்லோருக்கும் அடித்தால் பொம்மை மாதிரித்தான் இருக்கிறது. பூக்கூடைக்கார அம்மாவின் கறுப்பு வேறு, போர்ட்டரின் கறுப்பு வேறு, சக்கம்பட்டியிலிருந்து சேலை மூட்டையோடு வருகிற நெசவுக்காரர் வெயில் படாத மாநிறம். ஒவ்வொருவருக்கும் கண்ணை மூடி யோசித்துக் கலக்க வேண்டியிருந்தது. ஏழு வருஷம் தினமும் கடந்து போனவர்களை அப்போதுதான் நிறுத்திப் பார்த்தேன்.

பதினோராவது ஆளாக, கொய்யாப்பழம் விற்கும் பையனை எடுத்தேன்.

வண்டி நின்றதும் ஓலைக்கூடையோடு ஜன்னல் ஜன்னலாக ஓடுவான். ஏழாம் வகுப்புப் பையன் உயரம், அதாவது பதினைந்தரை மில்லிமீட்டர். தோல் அடித்தாயிற்று. சட்டை என்ன நிறம் என்று யோசித்தேன், வரவில்லை. டவுசர் யோசிக்காமலே வந்தது, காக்கி. அது காய்ந்ததும் பொம்மையைத் திருப்பி, பின்பக்கம் இடது ஓரமாகக் கருநீலத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஒட்டு. வேறு துணியில் போட்ட ஒட்டு. அதையும் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது.

பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த நீல ஒட்டை நான் இன்னோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு வாசலில், 1987-இல். லேட்டாக வருகிறவன் வகுப்புக்கு வெளியே சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது என் சட்டம். வாரத்தில் மூன்று நான்கு நாள் நின்றவன் ஒருத்தன். "திரும்பி நில்லுடா" என்று சொல்லி இரண்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். என் பிரம்பு பட்டது அந்த ஒட்டின் மேல்தான்.

இரண்டு பேரும் ஒரே பையன் என்பது முப்பத்தெட்டு வருஷம் கழித்து, ஒரு மில்லிமீட்டர் நீலப் புள்ளியில்தான் எனக்குத் தெரிந்தது.

வண்டி வரும், நான் இறங்குவேன், குடையைப் பிடித்து வேகமாக நடந்து பள்ளிக்கூடம் போய் நேரத்துக்குக் கையெழுத்துப் போடுவேன். அவன் வண்டி கிளம்புகிற வரை விற்றாக வேண்டும். அப்புறம் காசை எண்ணி, கூடையை வீட்டில் போட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். ஒரே வண்டிக்கு வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். நான் நேரத்துக்கு வந்தவன், அவன் லேட். தூரம், நேரம், வேகம் கணக்கை அவனுக்கு நடத்தினவன் நான்.

"ஏன்டா லேட்டு?" என்று கேட்பேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. திமிர் என்று நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, சாருக்குத் தெரியும் என்றுதான் அவன் நினைத்திருப்பான். தினமும் காலையில் என்னைப் பிளாட்பாரத்தில் பார்த்தவன்தானே. பார்த்துவிட்டு வந்து கேட்கிறவரிடம் என்ன சொல்வது?

அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. நீண்ட நாள் வராதவன் என்று சிவப்பு மையில் பெயரை அடித்தேன். வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அந்த வருஷம் என் பாடத்தில் தேர்ச்சி நன்றாக இருந்தது என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

'அந்தக் காலத்துல எல்லா வாத்தியாரும் அடிச்சாங்க சார்' என்று நீங்கள் ஆறுதல் எழுதுவீர்கள். தெரியும். அடித்ததை விட, பார்க்காததுதான் எனக்கு உறுத்துகிறது. அவனிடம் கொய்யா வாங்கியும் தின்றிருக்கிறேன். கை நினைவிருக்கிறது, மிளகாய்ப்பொடி போட்ட காகிதம் நினைவிருக்கிறது.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. இந்த அளவுப் பொம்மைக்குக் கண் வரையக் கூடாது. மூன்று சென்டிமீட்டர் கண் இங்கே மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். வரைந்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிக்கும். புருவத்துக்குக் கீழே கொஞ்சம் நிழல் போதும். அந்த விதி எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். பிளாட்பாரத்தில் ஆட்களை எங்கெங்கே நிறுத்துவது என்று நான் பேப்பரில் வரைந்து காட்டினேன். பொம்மைகள் அடுத்த மாதம் மகளோடு போகும். பட்டியலில் நானும் ஒருத்தன். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, டிபன் பை.

"மாமா, உங்களையும் கொய்யாப்பழப் பையனையும் எதிர் எதிரா வைக்கட்டுமா? நீங்க பழம் வாங்குற மாதிரி? பாக்க நல்லா இருக்கும்" என்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"வேண்டாம் மாப்ள. அவன் ஜன்னல்கிட்ட நிக்கட்டும். என்னைய கேட்டுப் பக்கம் நடக்கிற மாதிரி வைங்க. முதுகு அவன் பக்கம் இருக்கட்டும். அப்பிடித்தான் இருந்துச்சு" என்றேன்.

1987-இல் அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவனை உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். பெயரை இங்கே பொதுவில் எழுத வேண்டாம், அவனுக்கு அது பிடிக்குமோ என்னவோ. எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டைக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. சாம்பல் பிரைமரோடு கார்க் மேல் நிற்கிறான். அவனிடமே கேட்டு அடிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்