எந்தப் பக்கம், தாத்தா?

முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, எம்.ஏ. வரலாறு படிப்பவள், என் பழைய உரைக்குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"தாத்தா, இதை மெக்காலே எங்க சொன்னார்? எந்தப் புஸ்தகம், எந்தப் பக்கம்?"

நான் எழுதி வைத்திருந்தது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி மெக்காலே, 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாகச் சொல்லப்படும் பேச்சு. இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்தாராம், ஒரு பிச்சைக்காரனோ திருடனோ கண்ணில் படவில்லையாம். இந்த நாட்டை வெல்ல வேண்டுமானால் இதன் பண்பாட்டின் முதுகெலும்பை முறிக்க வேண்டும், அதற்கு இதன் கல்வியை மாற்ற வேண்டும் என்றாராம். வேலையில் இருந்த கடைசிச் சில ஆண்டுகளிலும், அதற்குப் பிறகு நூலகக் கூட்டங்களிலும், ஆசிரியர் தின விழாக்களிலும் நான் இதை வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் மண்டபத்தில் ஒரு கணம் அமைதி நிலவும், பிறகு கைதட்டல். அந்த அமைதியை நான் மிகவும் விரும்பினேன்.

பேத்தியிடம் சொல்ல என்னிடம் புத்தகமும் இல்லை, பக்கமும் இல்லை. நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்துக் கொடுத்திருந்தார். பழுப்பேறிய தாள், பழங்கால அச்செழுத்து, ஓரங்கள் மங்கிய படம். பழைய செய்தித்தாளை வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. தாளின் நிறத்தைப் பார்த்து நம்பினேன். மாணவன் ஒருவன் இப்படி ஆதாரம் காட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா?

"சரி, தேடிப் பார்ப்போம்" என்றாள் அவள். கணினியை என் மேசைக்கே கொண்டுவந்தாள். அன்றும் மறுநாளும் நாங்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலையில் இருந்தபோதே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. அப்போது இந்த வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம்.

முதலில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இணைய நூலகத்துக்குப் போனோம். காப்புரிமைக் காலம் முடிந்த லட்சக்கணக்கான பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தலைப்பில் மட்டுமல்லாமல் புத்தகத்துக்கு உள்ளேயும் சொல்லைத் தேடலாம். எச். ஷார்ப் என்பவர் தொகுத்து 1920-இல் கல்கத்தா அரசு அச்சகம் வெளியிட்ட கல்வி ஆவணத் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் 1835 பிப்ரவரி 2 என்று தேதியிட்ட மெக்காலேயின் எழுத்து முழுமையாக இருக்கிறது. ஆனால் அது பேச்சே அல்ல. கல்விச் செலவைப் பற்றிக் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவுக்கு எழுதிய அலுவல் குறிப்பு. பிச்சைக்காரன் இல்லை, திருடன் இல்லை, முதுகெலும்பு இல்லை. தேதி மட்டும் உண்மை. பொய் நிற்பதற்கு ஒரு உண்மையான தேதி போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்து, அவர் தங்கை மகன் டிரெவெலியன் 1876-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. மெக்காலேயின் கடிதங்கள் அதில் ஏராளம். 1834 ஜூனில் அவர் சென்னையில் கரையிறங்குகிறார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால், பல்லக்கில் பெங்களூர், மைசூர் வழியாக மலையேறுகிறார். மழைக்காலம் முழுவதும் ஊட்டியில் கழித்துவிட்டு கல்கத்தா போய்ச் சேருகிறார். ஊர் திரும்பியது 1838-இல். இங்கிலாந்திலிருந்து இங்கே வரவே கப்பலில் மாதக்கணக்கில் ஆகும் காலம். 1835 பிப்ரவரியில் அவர் லண்டனில் நின்று பேசியிருக்க வழியே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் இந்தியாவுக்குக் கிளம்பும்போதே விட்டுவிட்டார்.

எனக்கு இதுவே போதும் என்று தோன்றியது. பேத்தி விடவில்லை. "நாடாளுமன்றத்துலயும் பாத்துடுவோம் தாத்தா" என்றாள். ஹன்சார்டு என்கிற நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவுகள் இப்போது இணையத்தில் ஆண்டு, மாதம், நாள் வாரியாகக் கிடைக்கின்றன. 1835-ஐத் தொட்டோம், பிப்ரவரியைத் தொட்டோம். இரண்டாம் தேதியே இல்லை. முந்தைய நாடாளுமன்றம் டிசம்பர் இறுதியில் கலைக்கப்பட்டு, ஜனவரியில் தேர்தல் நடந்து, புதிய அவை பிப்ரவரி 19-ஆம் தேதிதான் கூடியிருக்கிறது. பேசியவரும் அங்கே இல்லை, அவையும் கூடவில்லை.

இங்கே அவள் ஒரு விஷயம் சொன்னாள். அன்றைய ஹன்சார்டு, இன்றுபோல் அவையே ஆள் வைத்து ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் எடுத்ததல்ல. பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து தொகுத்தது. ஆகவே ஹன்சார்டில் ஒன்று இல்லை என்பதை மட்டும் வைத்து அது நடக்கவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாதாம். ஆனால் ஒரு குடும்பத்தின் கடிதங்கள், ஒரு அரசின் கோப்பு, ஒரு நாடாளுமன்றத்தின் பதிவு என்று ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூன்று இடங்கள் ஒரே பதிலைச் சொல்கின்றன. அதற்குத்தான் எடை. என் பக்கம் இருந்தது வேறு வகை. கூகுளில் தேடினால் அந்தப் பேச்சு ஆயிரக்கணக்கான இடங்களில் வருகிறது. எல்லாம் ஒரே வாக்கியங்கள், ஒரே காற்புள்ளிகள். ஆயிரம் சாட்சிகள் என்று நான் நினைத்தது ஒரே குரலின் எதிரொலி.

மெக்காலேவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர் உண்மையில் எழுதிய குறிப்பைப் படித்தால் வயிறு எரியும். தனக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டே, அந்த மொழிகளின் இலக்கியத்தை மதிப்பற்றது என்று தள்ளுகிறார். அடுத்த மாதமே, மார்ச் 7-ஆம் தேதி, பெண்டிங்க் அதை ஏற்று ஆணையிட்டார். குற்றம்சாட்ட நிஜமான ஆவணமே இருக்க, போலிப் பேச்சை நீட்டியது என் பிழை. போலி ஒருநாள் பிடிபடும்போது நிஜத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வரலாற்று ஆசிரியனான நான் ஏன் ஏமாந்தேன் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அந்தப் பேச்சு என் மண்ணைப் பெருமைப்படுத்தியது, எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத செய்தி வந்தால் நூறு கேள்வி கேட்பவன், பிடித்த செய்திக்குக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டதில் வருத்தம் உண்டு. அந்தப் பேச்சை என் வாயால் கேட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியபோது அந்த வருத்தம் இன்னும் கனத்தது.

காலையில் பேத்தி இன்னொரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். தரம்பால் எழுதி 1983-இல் வந்த 'தி பியூட்டிஃபுல் ட்ரீ'. ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய காலத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எப்படி இருந்தன என்பதை, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அரசுக் கோப்புகளிலிருந்தே எடுத்துக் காட்டுகிற நூல். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ, அன்றைய சென்னை மாகாண கவர்னர், 1822-இல் ஒவ்வொரு கலெக்டரிடமும் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் கேட்டார். பதில்களைத் தொகுத்து 1826 மார்ச் 10-ஆம் தேதி குறிப்பு எழுதினார். சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து 12,498, படித்தவர்கள் 1,88,650. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் பள்ளி வயதுப் பையன்களில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் கணிப்பு.

என் பெருமைக்கு வேண்டியது இங்கே கணக்காகவே இருந்தது. இதை விட்டுவிட்டுத்தான் நான் பழுப்புத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பில் என்னை இன்னும் ஆழமாகத் தொட்ட இடம் ஒன்று உண்டு. சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போகிறவர்களைவிட வீட்டில் படிப்பவர்கள் ஐந்து மடங்குக்கும் மேல் என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே எழுதிவைக்கிறார். தன் கையில் வந்த எண்ணைத் தானே சந்தேகிக்கும் ஒருவர். அந்த ஒரு வரிக்காகவே மற்ற எண்களை நான் கூடுதலாக நம்புகிறேன். நான் வாசித்த மெக்காலே பேச்சில் 'இருக்கலாம்' என்ற சொல்லே கிடையாது.

தரம்பாலின் நூல் தலைப்புக்கு ஒரு கதை உண்டு. 1931 அக்டோபர் 20-ஆம் தேதி லண்டன் சாத்தம் ஹவுஸில் பேசிய காந்தி, ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றார். ஆங்கிலேயர் நம் பழைய பள்ளிகளின் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டதால் அந்த அழகிய மரம் பட்டுப்போனது என்ற பொருளில் பேசினார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், ஆதாரம் என்ன என்று கேட்டார், கடிதங்களும் எழுதினார். காந்தி தாம் நம்பியிருந்த கட்டுரைகளைக் குறிப்பிட்டார். அவை போதாது என்றார் ஹார்டாக். காந்தி கோபப்படவில்லை. நான் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்காவிட்டால் எல்லோரும் அறியத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மறுவருடம் எரவாடா சிறையில் இருந்தபோதும் இதே விஷயம் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. உலகமே வணங்கிய மனிதரிடம் ஒருவர் 'எந்தப் பக்கம்?' என்று கேட்க முடிந்தது. அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவே நடந்துகொண்டார். என் பேத்தி கேட்டபோது எனக்கு முகம் சுருங்கியது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு இணைய நூலகங்கள் எனக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில், நான் இளைஞனாக இருந்தபோது பார்க்க முடியாமல் ஏங்கிய பழைய பதிப்புகளை உட்கார்ந்த இடத்தில் புரட்டுகிறேன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த மண்ணின் நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக ஏற்றிவைத்திருப்பதைப் பார்க்கும்போது கண் கலங்கும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான், ஊதியம் வாங்காதவர்கள் தட்டச்சு செய்தது.

தட்டச்சு செய்த பாடத்தை அப்படியே மேற்கோள் காட்டிவிடக் கூடாது என்பதையும் பழகிக்கொண்டேன். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கை தவறும். சொல்லைத் தேடிப் பிடிக்க அதைப் பயன்படுத்துவேன். எழுதும்போது ஸ்கேன் செய்த அச்சுப் பதிப்பைத் திறந்து சரிபார்ப்பேன். உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏடு சேர்த்து, ஒரு சொல் இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். பாடபேதம் என்று அதற்குப் பெயர். 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றை ஸ்கேனில் பார்க்கும்போது அந்த அடிக்குறிப்புகளும் கூடவே வருகின்றன. பாட்டை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பரப்பும்போது முதலில் காணாமல் போவது அவைதான்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒரு பழைய கல்வி அறிக்கை பற்றிக் கேட்டதும் நூல், ஆண்டு, பக்க எண் எல்லாம் தயங்காமல் கொடுத்தது. போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. பக்க எண் சொன்னாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வேலை இப்போது கூடியிருக்கிறது.

என் மாணவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறார். அவருக்குப் போன் செய்தேன். "சார், அந்த மெக்காலே பேச்சை ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புல வாசிக்கிறேனே" என்றார் உற்சாகமாக. தொண்டையில் ஏதோ அடைத்தது. நான் தந்தது தவறு என்றேன், காரணங்களை வரிசையாகச் சொன்னேன், மன்றோ குறிப்பின் பக்கங்களை அனுப்பினேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னதுனாலதான் சார் நான் சரிபார்க்கல" என்றார். குறையாக அல்ல, மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். மெக்காலே பேச்சை வகுப்பில் திரும்பப் பெற்றுக்கொண்டு, மன்றோவின் எண்களைப் பலகையில் எழுதினாராம். படித்த பையன்கள் 1,84,110, பெண்கள் 4,540. ஒரு பிள்ளை எழுந்து, "பொம்பளைப் புள்ளைங்க மட்டும் ஏன் சார் இவ்வளவு கம்மி?" என்று கேட்டிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் நான் வாசித்த பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளைகூட எழுந்து எதுவும் கேட்டதில்லை.

அவளுக்குப் பதில் தேடி, மன்றோவின் குறிப்பிலிருந்து கலெக்டர்கள் அனுப்பிய கணக்குகளுக்கு நாங்கள் இருவரும் போயிருக்கிறோம். மலபார் கணக்கில் முஸ்லிம் பையன்கள் 3,196 பேருக்கு முஸ்லிம் பெண் பிள்ளைகள் 1,122 பேர் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். அங்கே மட்டும் ஏன் இத்தனை பேர் என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அவர் போன் செய்வார், இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். இன்று திருநெல்வேலி கலெக்டரின் பதிலைப் படிக்க வேண்டும்.