படகைக் காட்டாத ரேடார் கடலைக் காட்டியது

"ரேடாரில் படகு தெரியவில்லை." கப்பலும் மீன்பிடி படகும் மோதிய வழக்கு எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக் கடலில் ஐந்து மீனவர்கள் பலியான 'பிரபு தயா' கப்பல் வழக்கு, 2018 ஆகஸ்ட் 7 அன்று குமரி மாவட்ட மீனவர்கள் சென்ற 'ஓஷியானிக்' படகு முனம்பம் அருகே நொறுங்கிய சம்பவம் என நம் பக்கத்துக் கடலிலேயே துயரங்கள் பல. தெரியவில்லை என்று சொன்னதோடு விசாரணை நின்றுவிடக் கூடாது, ஏன் தெரியவில்லை என்று கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மலையடிவாரச் சேத்தூரிலிருந்து வந்த ஒரு வழக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எனக்கு வருவதெல்லாம் வரப்புத் தகராறும், கண்மாய் மடைச் சண்டையும், ராஜபாளையம் – தென்காசி சாலை விபத்துகளும்தான். சேத்தூரில் மாந்தோப்பு வைத்திருந்த நண்பர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் சரக்குக் கப்பலில் தேர்ட் ஆபீசர்.

"அண்ணாச்சி, பையன் சோலியே போயிரும்போல இருக்கு. மொத்தப் பழியையும் இவன் தலையில கட்டிட்டாங்க" என்றார்.

நடந்தது ஓர் ஆடி மாத இரவில். கன்னியாகுமரிக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்த கப்பல் ஒரு ஃபைபர் படகை உரசிக் கவிழ்த்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்குக் கை முறிந்தது. படகும் வலையும் போயின. இழப்பீட்டைக் காப்பீட்டு வழியில் பேசித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் கம்பெனி அந்தத் தம்பிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்திருந்தது. அதன் சாரம் மூன்று வரி: கடல் அமைதியாக இருந்தது, ரேடார் பழுதின்றி இயங்கியது, எனவே படகைக் காணாதது வாட்சில், அதாவது காவல் பணியில், இருந்தவரின் அலட்சியம். இது நிலைத்தால் அறிக்கை கப்பல் துறை இயக்குநரகத்துக்குப் போகும். தகுதிச் சான்றிதழுக்கே ஆபத்து.

கம்பெனியின் உள்விசாரணையில் வக்கீலுக்கு இடமில்லை. பதிலை நான் எழுத வேண்டும், கேள்விகளைத் தம்பி கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு முதலில் நான் ரேடாரைப் படிக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் ஓய்வில் இருந்த ஒரு கேப்டன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

கப்பல்களில் பொதுவாக உள்ள எக்ஸ்-பேண்ட் ரேடார் சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. காற்று வீசும்போது நீர்ப்பரப்பில் எழும் சின்னஞ்சிறு சிற்றலைகளும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே அவை ரேடார் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. திரையின் நடுவே, கப்பலைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் அப்பிக்கொள்ளும். மாலுமிகள் இதைக் கிளட்டர் என்பார்கள். காற்று வரும் திசையில் அது இன்னும் அடர்த்தி. இதைக் குறைக்கவே ரேடாரில் ஒரு திருகு இருக்கிறது. அதை அளவுக்கு மேல் கூட்டினால் திரை சுத்தமாகிவிடும். அலையோடு சேர்ந்து சின்னப் படகும் மறைந்துவிடும். மரமும் ஃபைபரும் இரும்பைப் போல ரேடார் கதிரை வலுவாகத் திருப்புவதில்லை.

தம்பியின் தகப்பனாருக்கு இதை விளக்கியபோது, "களைக்கு அடிச்ச மருந்துல பயிரும் கருகிப் போன மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

மாலுமிக்குத் தொல்லையான இந்தக் கிளட்டர் கடலை ஆராய்கிறவர்களுக்குப் பொக்கிஷம். பெரிய அலையின் ரேடாரை நோக்கிய முகம் பளிச்சிடும், மறுபக்கம் நிழலில் விழும். அதனால் திரையில் வரிவரியாக அலைகள் தெரியும். வரிகளின் இடைவெளி அலைநீளம். அடுத்தடுத்த சுற்றுகளின் படங்களைக் கணினியில் சேர்த்து ஆராய்ந்தால் அலை வரும் திசை, அதன் கால அளவு, நீரோட்டத்தின் வேகம்வரை கணக்கிடலாம். 1980களில் ஜெர்மனி ஆய்வாளர்கள் வளர்த்த இந்த முறை பின்னர் 'வாமோஸ்' என்ற கருவியாகவே விற்பனைக்கு வந்தது. எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால் அங்கே திரை கறுத்துத் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியதே, அது போன்ற கசிவுகளைத் தேடவும் இதே ரேடார் உதவும்.

அப்படியானால் படகைக் காட்டத் தவறிய கருவி, அன்று கடல் எப்படி இருந்தது என்பதைக் காட்டியிருக்க வேண்டும் அல்லவா?

"தம்பி, அந்தத் திரையில தெரிஞ்சது எங்கயாவது பதிவாகியிருக்குமா?" என்று கேட்டேன்.

"விடிஆர் பெட்டியில இருக்கும் சார். மோதினதும் சேவ் பட்டனை நான்தான் அமுக்கினேன்."

அந்தப் பட்டன்தான் அவனைக் காப்பாற்றியது. விமானத்துக்குக் கறுப்புப் பெட்டி மாதிரி கப்பலுக்கு விடிஆர். ரேடார் திரை, வேகம், திசை, கப்பலை இயக்கும் பிரிட்ஜ் அறையில் பேசும் குரல் எல்லாம் அதில் ஏறும். ஆனால் அந்தக் கப்பலில் இருந்தது பழைய விதிப்படியான பெட்டி. 12 மணி நேரத்துக்குப் பிறகு பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்படும் பெட்டிகளுக்குத்தான் 30 நாள் பதிவு கட்டாயம்.

பதிவைக் கேட்டு வாங்கினோம். 15 விநாடிக்கு ஒரு திரைப் படம். அலையின் கால அளவைக் கணக்கிட இந்த இடைவெளி மிக அதிகம். எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. எட்டு மணிக்குத் தம்பி வாட்ச் ஏறினான். அதற்கு முந்தைய வாட்சின் படங்களில் கப்பலைச் சுற்றிச் சுமார் மூன்று கடல் மைலுக்கு வெள்ளை மூடியிருந்தது. தென்மேற்கில் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. எட்டு மணிக்குச் சற்று முன், ஒரு படத்தில் இருந்த வெள்ளை அடுத்த படத்தில் இல்லை. திரை ஓரத்தில் காட்டும் கிளட்டர் குறைக்கும் திருகின் அளவும் அதே கணத்தில் எகிறியிருந்தது.

பதிலில் நான் எழுதிய முக்கியமான வரி இது: "பதினைந்து விநாடியில் ஆடிக்கடல் அடங்காது." அடங்கியது திரை மட்டுமே. ஹைதராபாத்தில் இருந்து இயங்கும் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் அன்று குமரிக் கடலுக்கு வெளியிட்டிருந்த உயர் அலை முன்னறிவிப்பையும் இணைத்தோம். லாக் புக்கில் முந்தைய வாட்ச் எழுதிய 'கடல் அமைதி' அத்துடன் கரைந்தது.

பிறகு சட்டம். 1972 மோதல் தடுப்பு விதிகளை 1975 ஒழுங்குமுறைகள் மூலம் இந்தியா ஏற்றுள்ளது. 6ஆம் விதி, பாதுகாப்பான வேகத்தை முடிவு செய்யும்போது கடலின் நிலை ரேடாரைப் பாதிப்பதையும், சிறு கலங்கள் ரேடாரில் சிக்காமல் போகக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 7ஆம் விதி, அரைகுறையான ரேடார் தகவலை நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்கிறது. 5ஆம் விதி கண்ணாலும் காதாலும் காவல் இருக்கச் சொல்கிறது. 1956 ஜூலையில் 'ஆந்த்ரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' ஆகிய இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது. ஒன்றையொன்று திரையில் பார்த்த பின்புதான் அவை மோதிக்கொண்டன. சட்டம் ரேடாரை ஒருபோதும் கண்ணுக்கு மாற்றாக ஏற்றதில்லை.

விசாரணையில் தம்பி கேட்ட கேள்விகள் மூன்று. திருகைக் கூட்டியதை வாட்ச் மாற்றும்போது ஏன் சொல்லவில்லை? அலை உயர்ந்திருந்தும் முழு வேகத்தில் போகும் உத்தரவை ஏன் மாற்றவில்லை? மீன்பிடிப் பகுதி என்று தெரிந்தும் கூடுதலாக ஓர் ஆளை ஏன் காவலுக்கு நிறுத்தவில்லை? மூன்றுக்கும் எதிர்த்தரப்பில் தெளிவான பதில் இல்லை. வாட்ச் ஏறியதும் திருகின் அளவைச் சரிபார்க்கும் கடமை தம்பிக்கும் இருந்தது என்பதை விசாரணை அதிகாரி சுட்டிக்காட்டினார். அது நியாயம்.

முடிவில் அலட்சியக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. வாட்ச் ஒப்படைப்பு, வேகம், காவல் ஆகிய மூன்றிலும் கப்பலின் நடைமுறையே தவறு என்று அறிக்கை சொன்னது. தம்பிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும். சான்றிதழுக்குப் பங்கம் வரவில்லை. இப்போது அவன் உயர் தேர்வு எழுதி மேலே போய்விட்டான்.

இளம் வக்கீல்களுக்கு ஒன்று சொல்வேன். மீனவர் பக்கம் நின்றாலும் மாலுமி பக்கம் நின்றாலும், மோதல் என்று கேள்விப்பட்ட அன்றே விடிஆர் பதிவைப் பாதுகாக்கக் கோரி எழுத்தில் அனுப்புங்கள். படத்தை மட்டும் வாங்காதீர்கள். திருகுகள் எந்த அளவில் இருந்தன என்பதையும் கேட்டு வாங்குங்கள். படகு வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கம்பத்தின் உச்சியில் ஓர் உலோக ரேடார் பிரதிபலிப்பானைக் கட்டுங்கள், இரவில் விளக்கை அணைக்காதீர்கள்.