அக்கரைக்குத் திரும்பாத பதில்

மட்டக்களப்பாருக்கு எழுவான்கரை, படுவான்கரை என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரம், சூரியன் எழும் கரை. மேற்கே வயல்வெளி, சூரியன் படும் கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையில் ‘பாதை’ என்று நாங்கள் அழைக்கும் மிதவைக்காகக் காத்திருந்த பொழுதுகள் பல. அந்தப் பழைய காத்திருப்பை அண்மையில் எனக்கு நினைவூட்டியது ஒரு லினக்ஸ் கணனி.

படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலைக்கு நன்கொடையாகச் சில பழைய கணனிகள் கிடைத்தன. பழைய கட்டடத்தில் ஒரு வலையமைப்பு, முற்றத்துக்கு அப்பாலுள்ள புதிய கட்டடத்தில் இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை மாணவர் இணையத்தில் நிரப்பவேண்டும். இறுதி நாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. கலைப்பட்டதாரியான நான், கொழும்பிலிருக்கும் மருமகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, வேலையில் இறங்கினேன்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணனிக்கும் ஓர் எண்முகவரி வேண்டும். அதைக் கேட்டவுடன் வழங்கும் ஒழுங்குமுறையே டிஎச்சிபி. 1997 இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது. புதிதாக வரும் கணனி, “இங்கே முகவரி தருபவர் யார்?” என்று எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. சேர்வர் ஒரு முகவரியை முன்வைக்கிறது. கணனி அதையே தருமாறு கேட்கிறது. சேர்வர் உறுதிசெய்து, குறித்த காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கிறது. நான்கே வார்த்தைகளில் பேரம் முடிந்துவிடும்.

லினக்ஸில் இதற்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய மென்பொருள் போதும். இணைய ரவுட்டரின் சொந்த முகவரி வழங்கலை நிறுத்தினோம். ஒரே வலையில் இருவர் முகவரி கொடுத்தால் குழப்பமே மிஞ்சும். பின்னர் 192.168.10.100 முதல் 200 வரை, குத்தகை 12 மணி நேரம் என்று ஒரு வரி எழுதினோம். பழைய கட்டடம் உடனே இயங்கியது.

சிக்கல் அடுத்த கட்டடத்தில். கணனியின் கூவல் தன் வலையைத் தாண்டாது. எழுவான்கரையில் கூவினால் படுவான்கரைக்குக் கேட்குமா? ஆகவே இரு வலைகளுக்கும் நடுவே, இரண்டு வலையட்டைகள் பூட்டிய இன்னொரு லினக்ஸ் கணனியை ரிலேயாக, அதாவது அஞ்சற்காரனாக, நிறுத்தினோம். அது கூவலைக் கேட்டு, அந்தப் பக்கத்துத் தன் முகவரியான 192.168.20.1 ஐ அதில் பொறித்து, சேர்வருக்கு நேரே அனுப்பும். செய்தியின் தலையில் நாம் ஊர்ப்பெயர் போடுவது போலத்தான். அதைப் பார்த்தே எந்தப் பட்டியலிலிருந்து முகவரி எடுப்பதென்று சேர்வர் அறிகிறது. சேர்வரில் 20 ஆம் வலைக்கும் ஒரு பட்டியலை எழுதினோம்.

ஆயினும் புதிய கட்டடத்துக் கணனிகள் 169.254 என்று தொடங்கும் அநாதை முகவரிகளையே காட்டின. வெளியே ஒரு மாணவி சான்றிதழ்களுடன் காத்திருந்தாள்.

“மாமா, சேர்வரின்ட பதிவேட்டில என்ன இருக்கு?” என்றான் மருமகன்.

“கூவல் வந்திருக்கு, முகவரி குடுத்திருக்கு. திரும்பவும் கூவல், திரும்பவும் குடுத்திருக்கு.”

“அப்ப கேட்டது வந்திருக்கு. பதில்தான் போய்ச் சேரல்ல. 20 ஆம் வலைக்கு எந்த வழியால போறதெண்டு சேர்வருக்குச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. வழி தெரியாத சேர்வர், ஒவ்வொரு பதிலையும் இணைய ரவுட்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் அந்த வலையைத் தெரியாது. ‘20 ஆம் வலைக்கு ரிலே வழியாகச் செல்’ என்று சேர்வரிலும் ரவுட்டரிலும் ஒவ்வொரு வரி சேர்த்தோம். அடுத்த நிமிடம் கணனிகள் முகவரி பெற்றன. அந்தப் பிள்ளை அன்று மாலையே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பினாள்.

வீடு திரும்பும் வழியில் வேறொன்று மனதை அரித்தது. 2007 வரை படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்காலத்தில் காணாமற்போன மகனைப் பற்றி அக்கரைத் தாயொருத்தி என்னிடம் விபரம் சொன்னார். எழுதினேன், அச்சாகியது, என் கடமை முடிந்தது என்றிருந்தேன். ஆண்டுகள் கழித்துக் கண்டபோது அவர் கேட்டார்: “தம்பி, அதப் போட்டீங்களா?” பத்திரிகை அவருடைய ஊருக்குப் போயிருக்கவேயில்லை.

என் பதிவேட்டில் அனுப்பியதாகவே இருந்தது. அவர் கையில் எதுவும் இல்லை. செய்தியைக் கொண்டுவருவதே நிருபன் வேலையென்று முப்பது ஆண்டுகள் நம்பியிருந்தேன். பதில் திரும்பிச் செல்லும் வழியையும் நாமே எழுதவேண்டும் என்பதை ஓர் இயந்திரத்திடம் கற்க நேர்ந்தது.