துறை அறிதல்

‘துறை’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். தமிழ்த்துறை என்கின்றோம், அகத்துறை, புறத்துறை என வகுப்பில் விரித்துரைக்கின்றோம். படகு இறங்கும் இடத்திற்கும் அதுவே பெயர் என்பதை ஒரு மார்கழி நண்பகலில், முழங்கால் சேற்றில் நின்றபோதுதான் நாம் உள்ளவாறு உணர்ந்தோம்.

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே சென்றால் நெல்வயல்கள் குறைந்து தென்னந்தோப்புகள் தோன்றும். அவற்றிற்கு அப்பால் பாக் விரிகுடா. கோடியக்கரை முனை வடகிழக்கிலிருந்து வரும் பேரலைகளைத் தடுத்துவிடுவதால், சென்னைக் கடலைக் கண்டு பழகியவர் இதனைக் குளமென்றே மயங்குவர். நாமும் மயங்கினோம்.

நண்பர் ஒருவருடன் மீன்பிடிக்கும் ஆசையால் சிறு துடுப்புப் படகொன்றை இரவல் பெற்றோம். மல்லிப்பட்டினத்தை அடுத்து, சாலை முடியுமிடத்தில் நிழலும் இருந்தமையால் அதனையே துறையெனக் கொண்டோம். வடக்கிலிருந்து வாடை வீசிற்று. நிலத்தைக் கடந்து வரும் காற்றாதலின் கரையோரம் நீர் கண்ணாடியாய்க் கிடந்தது. படகு தானே ஓடிற்று. துடுப்பின் திறமென்று மகிழ்ந்தோம். திரும்ப முனைந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பத்து முழம் முன்னேறினால் எட்டு முழம் பின்னே தள்ளியது காற்று. சரபோஜி மன்னர் நெப்போலியனின் வீழ்ச்சி நினைவாக எழுப்பிய மனோராவின் முகடு கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே சென்றது.

வல்லத்தில் கரை திரும்பிய பெரியவர் ஒருவர் கயிறு வீசி எம்மை இழுத்து வந்தார். நாம் புறப்பட்ட இடத்தில் நீர் வற்றிச் சேறே எஞ்சியிருந்தது. “வாத்தியாரே, போறதுக்கு எல்லா இடமும் துறைதான், திரும்பி வர்றதுக்குத்தான் துறை வேணும்” என்றார்.

பின்னர் அவர் கூறியவை எமக்குப் பாடமாயின. காற்று எத்திசையில் வீசுகின்றது என்பதோடு, திரும்பும் வேளையில் எத்திசையில் வீசும் என்றும் எண்ண வேண்டும். இங்கே நீரின் ஏற்றவற்றம் சிறிதே. எனினும் கரை தட்டையாதலின், சற்றே வற்றினும் நெடுந்தொலைவு சேறாகும். ஆதலால், வற்றிலும் நீரோடும் வாய்க்கால் முகமே நல்ல துறை. கம்பை ஊன்றி அடிநிலம் மணலா, சேறா என அறிதல் வேண்டும். கடற்புல் அடர்ந்த திட்டில் படகை இழுத்தல் ஆகாது. அது ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். அவ்வுயிரினத்திற்காகவே 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இத்தனையும் அறிந்த அவரே, 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரைகடந்த கஜா புயலில் தம் பழைய வல்லத்தை இழந்தவர். கரையேற்றிக் கட்டியிருந்தும், மறுநாள் அது தோப்பினுள் பிளந்து கிடந்ததாம். அறிவு உள்ளவரையும் கடல் சோதிக்கும் என்பதை அவர் முறையிட்டுச் சொல்லவில்லை, செய்தியாகவே சொன்னார்.

எம்மை இழுத்து வந்ததால் அன்று அவர் கரைசேர நேரமாயிற்று. கரையில் அவர் துணைவியார் கையை நெற்றியில் வைத்துக் கடலையே நோக்கி நின்றார். வல்லம் நெருங்கியதும் ஒன்றும் பேசாது மீன்கூடையை வாங்கிக்கொண்டு நடந்தார். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கின்றோம்! அவ்விரக்கத்திற்கு அன்று நாமே காரணமானோம்.

மாணவச் செல்வங்களே, நிழலும் சாலையும் கண்டு துறையைத் தேராதீர்கள். உங்களுக்காகக் கரையில் காத்து நிற்பவரை முதலில் எண்ணுங்கள்.