வெயில் குடித்த பெட்ரோல்

மயிலாப்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். மார்கழியில் அந்தப் பாதையில் போவது சுகம். அக்கினி நட்சத்திரத்தில் போவது தவம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தில் நாம் இந்தத் தவத்தை மேற்கொண்டதற்குக் காரணம் பக்தி அல்ல, ஒரு வழக்கு.

நம் நண்பர் ஒருவர், கணித உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் சிறிய மோட்டார் வண்டி குடிக்கும் பெட்ரோலுக்குத் துளி விடாமல் கணக்கு எழுதி வருகிறார். மார்கழியில் பட்டணத்துக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி, சித்திரையில் 10 தான் ஓடுகிறதென்று அவருடைய நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்லிற்று. "வெயில்தான் ஐயா திருடன்!" என்பது அவர் கட்சி. ஆகையால் வெளியூர் போகும்போது குளிர்சாதனத்தைத் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். அதன் பலன் என்ன? முந்தின வருஷம் 82 வயதான தம் தாயாரை நடுப்பகலில் ஜன்னல்களைத் திறந்து வைத்து அழைத்து வருகையில், பெரம்பலூர் அருகே அந்த அம்மாளுக்குத் தலை சுற்றி, தேநீர்க் கடைப் பெஞ்சியில் படுக்க வைத்து விசிற வேண்டியதாயிற்று. இந்த வருஷமும் அம்மாளை அழைத்து வர வேண்டும். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று நாமும் வண்டியில் ஏறிக்கொண்டோம். போகும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது, வரும்போது குளிர்சாதனத்தைப் போடுவது என்று உடன்படிக்கை ஆயிற்று.

விடியுமுன்பே பெட்ரோல் நிரப்பினோம். குளிர்ந்த வேளையில் பெட்ரோல் கெட்டியாயிருக்கும், அதே காசுக்கு அதிகம் கிடைக்கும் என்பது நண்பரின் நம்பிக்கை. பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரிவது உண்மைதான். ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில் புதைத்த தொட்டியில். அங்கே காலையென்றும் பகலென்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. நண்பரின் அதிகாலைத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

தாம்பரம் வரையில் ஊர்ந்தோம். செங்கற்பட்டில் கொளவாய் ஏரியின் காற்று முகத்தில் பட்டது. பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு இல்லை. மணல் மட்டும் பளபளத்துக் கொண்டிருந்தது.

அதற்கப்பால் சாலை நேரே ஓடுகிறது. இங்கேதான் நம் கட்சியை எடுத்துரைத்தோம். சூடேறிய காற்று இலேசானது. இருபது டிகிரியில் இருக்கும் காற்றைவிட நாற்பது டிகிரியில் இருக்கும் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு இலேசு. வேகமாகப் போகும் வண்டி தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளுவதிலேயே செலவிடுவதால், வெயில் அதற்கு உதவியே செய்கிறது. குளிர்காலத்தில் யந்திரம் சூடாகும் வரையில் பெட்ரோலைக் கூடுதலாக விழுங்கும்; எண்ணெயும் கெட்டியாயிருக்கும். கோடையில் அந்தத் தொல்லை குறைவு. உஷ்ணம் மிஞ்சினால் யந்திரத்தில் 'தட்டல்' வராமலிருக்கப் பொறி விழும் நேரத்தைத் தள்ளி வைக்கிறார்கள். அதனால் சிறிது நஷ்டம் உண்டு. ஆனால் பதினான்கைப் பத்தாக்கும் திருட்டு அதுவல்ல.

"அப்படியானால் பெட்ரோல் எங்கேதான் போகிறது?" என்றார் நண்பர், காற்றின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி.

திண்டிவனத்தில் டயர்க் கடைக்காரர் ஒருவர், "கோடை ஐயா, காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள்" என்று உபதேசித்தார். ஓடிவந்த டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயற்கை. கார்க்காரர்கள் குறித்திருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. அதைக் குறைத்தால் டயர் நசுங்கி உருண்டு மேலும் சூடாகும், பெட்ரோலும் கூடச் செலவாகும். கும்பிட்டு விடை பெற்றோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பிறகு நிழலுக்காக ஒதுங்க ஒரு மரம் தேடினோம். பழைய தெற்குப் பெருஞ்சாலையில் இருபுறமும் புளியமரங்கள் கைகோத்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாலை நான்கு வரிசையாக அகன்றபோது அவை வெட்டுண்டன. வேகம் கிடைத்தது, நிழல் போயிற்று. நடுவில் நட்ட அரளிச் செடி பூப்பூக்கிறதே தவிர, ஒரு வண்டிக்கு நிழல் கொடுக்காது. பாடாலூருக்கு முன்னால் பெருஞ்சாலையை விட்டிறங்கி ஒரு கிராமத்து வேப்பமரத்தைக் கண்டுபிடிக்கும்போது மணி பதினொன்று. நம் சட்டைகளைப் பிழிந்தால் கொள்ளிடத்தில் ஒரு கால்வாய் ஓடியிருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தோம்: லிட்டருக்கு 19. நண்பர் வெற்றிப் புன்னகை பூத்தார்.

மறுநாள் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்த பகலில், அம்மாளும் நான்கு ஊறுகாய் ஜாடிகளும் ஏறிக்கொள்ள, ஜன்னல்களைச் சாத்திக் குளிர்சாதனத்துடன் திரும்பினோம். அம்மாள் விழுப்புரம் வரையில் தூங்கினாள். மயிலாப்பூரில் கணக்கு: லிட்டருக்கு 18. அதாவது 320 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் அதிகம். ஏறக்குறைய நூறு ரூபாய். திறந்த ஜன்னல் வழியே புகும் காற்று வேகமாய்ப் போகும் வண்டியைப் பின்னுக்கு இழுப்பதால், குளிர்சாதனத்தை அணைத்து மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதியை அதுவே பறித்துக் கொள்கிறது. இந்த நூறு ரூபாய்க்காகத்தான் சென்ற வருஷம் பெற்ற தாயைத் தேநீர்க் கடைப் பெஞ்சியில் படுக்க வைத்தார். நாம் இதைச் சொல்லவில்லை. நண்பர் தாமே நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

திருடன் பட்டணத்துக்குள்ளேயே இருந்தான். வெயிலில் நின்ற வண்டிக்குள் உஷ்ணம் அறுபது டிகிரியைத் தொடும். அதில் ஏறி, கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்து, இரண்டு கிலோமீட்டரில் உள்ள காய்கறிக் கடைக்குப் போய், அங்கே யந்திரத்தை அணைக்காமல் கால் மணி நேரம் நிற்பது நண்பர் வழக்கம். குளிர்சாதனத்தைச் சுழற்றுவது யந்திரம்தான். சக்கரம் நகராவிட்டாலும் அது பெட்ரோலை எரித்துக்கொண்டேயிருக்கும். கடும் வெயிலில், அதுவும் குறுகிய ஓட்டங்களில், குளிர்சாதனத்தால் கிலோமீட்டர்க் கணக்கு நாலில் ஒரு பங்குக்கு மேலும் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தி இலாகாவே சொல்கிறது. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த சரக்கைக் கத்தரிக்காய்க் கடை வாசலில் நின்றபடியே புகைத்துவிடுகிறோம்.

வழியும் பெரிய வித்தையல்ல. வண்டியை நிழலில் நிறுத்தலாம். நிழல் இல்லாவிட்டால் கண்ணாடிக்குத் தட்டி வைக்கலாம். ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றி, மெல்ல ஓட்டிக்கொண்டே குளிர்சாதனத்தைப் போடலாம். நின்றால் அணைக்கலாம்.

சென்ற வாரம் அந்தக் காய்கறிக் கடை வாசலில் நண்பரைக் கண்டோம். கையில் பை, தலைக்கு மேல் அவருடைய தாயாரின் பழைய தாழங்குடை. வண்டி எங்கே என்று கேட்டோம். "மரத்தடியில் நிற்கிறது, ஐயா, அதற்கும் நேற்று எதிர்வீட்டுக்காரரோடு சண்டை" என்றார்.