பார்க்காமலே அழ வெச்ச நாடகம்!

பார்க்காத ஒரு நாடகத்துக்காக நீங்க எப்பவாவது அழுதிருக்கீங்களா? மேடை இல்லை, படம் இல்லை... வெறும் காது மட்டும்தான். 'அதெப்படிப்பா முடியும்?'னு கேட்கிற ஆளா இருந்தா, வீட்டுல பாட்டிகிட்ட விசாரிச்சுப் பாருங்க. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே அரிசி புடைச்ச தலைமுறை அது. 'திருவிளையாடல்' வசனத்தைக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டே மனப்பாடம் பண்ணின ஊர் நம்மளுது!

அதே மேட்டர் நியூயார்க்கிலும் உண்டு. அங்கே பிராட்வேனு சொல்ற 41 தியேட்டர்கள்ல ஆட்டமும் பாட்டுமா மியூசிக்கல் போடுவாங்க. நாடகம் தேறும்னு தெரிஞ்சா, அதே நடிகர்களை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் பாட வெச்சு ஆல்பமா விடுவாங்க. பேரு 'காஸ்ட் ரெக்கார்டிங்'. 1943ல 'ஓக்லஹோமா!' நாடகப் பாட்டுகளை டெக்கா கம்பெனி இசைத்தட்டா விட்டு சக்கைப்போடு போட்டுச்சு. அதுலேர்ந்து இது பழக்கமாயிடுச்சு.

நான் சொல்ல வந்தது 'ஹாமில்டன்' பத்தி. லின்-மானுவல் மிராண்டாங்கிற மனுஷன், அமெரிக்காவோட முதல் நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டனோட வாழ்க்கையை ராப் பாட்டுல சொன்ன நாடகம். ஆமாங்க, நிதியமைச்சர் கதை... ராப்புல! 2015 ஆகஸ்ட்ல பிராட்வேக்கு வந்துச்சு. செப்டம்பர் 25ல ஆல்பம் இணையத்துல வந்துச்சு. 46 பாட்டு, ரெண்டே கால் மணி நேரத்துக்கும் மேல. 'பில்போர்டு 200' பட்டியலுக்குள்ள நுழைஞ்சதே 12வது இடத்துல. நாடகப் பாட்டு ஆல்பத்துக்கு இதெல்லாம் லேசுல நடக்கிற காரியமில்லை.

என் பெரியம்மா பொண்ணு, அதாவது அக்கா, அப்போ நியூஜெர்ஸியில் எம்.எஸ். படிச்சுக்கிட்டு இருந்தா. லீவுக்கு மதுரை வந்தப்போ மொட்டைமாடியில ஆளுக்கொரு இயர்ஃபோனை மாட்டி முழுசையும் கேட்க வெச்சா. நடுவுல நான் எழுந்து போகக் கூடாதுனு கண்டிஷன் வேற!

முதல் தடவை கேட்கிற எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும், சொல்லிடறேன். டேவீட் டிக்ஸ்னு ஒரு நடிகர். முதல் பாதியில பிரெஞ்சுக்காரர் லாஃபாயெத்தா வந்து 3 விநாடியில 19 வார்த்தை பேசிப் பின்னியெடுப்பார். ரெண்டாம் பாதியில அவரே தாமஸ் ஜெஃபர்சன். மேடையில பார்க்கிறவனுக்கு டிரெஸ் மாறினது தெரியும். காதுல கேட்கிறவனுக்கு? அதுலயும் ஜெஃபர்சன் அறிமுகமாகும்போதே பிரான்ஸிலிருந்துதான் திரும்பி வர்றார்... கேட்கணுமா!

இந்தக் குழப்பத்தையெல்லாம் ரசிகர்களே உட்கார்ந்து பிரிச்சு மேய்ஞ்சாங்க பாருங்க, அதுதான் கலக்கல். 'ஜீனியஸ்' தளத்துல ஒவ்வொரு வரிக்கும் உரை எழுதினாங்க. நம்ம ஊர்ல திருக்குறளுக்கு எழுதுவாங்களே, அந்த மாதிரி. எந்த மெட்டு எங்கே திரும்பி வருது, எந்தக் கடிதத்துலேர்ந்து எந்த வார்த்தை வந்துச்சுனு ஒண்ணு விடலை. மிராண்டாவே அங்க வந்து விளக்கம் எழுதினார்.

அவங்க தோண்டினதுல ஒண்ணு. ஹாமில்டன் கல்யாணத்துல மச்சினி ஏஞ்சலிகா வாழ்த்துரை சொல்ல எழுந்திருப்பா. பாட்டு அப்படியே டேப் ரீவைண்ட் ஆகிற மாதிரி பின்னால ஓடும். முந்தின பாட்டுல தங்கச்சி கண்ணுல பார்த்த அதே ராத்திரியை இப்போ அக்கா கண்ணால பார்ப்போம். அவளும் அவனைத்தான் விரும்பியிருக்கா! தங்கச்சிக்காக விட்டுக்கொடுத்துட்டா. மொத்த ஆல்பத்துலயும் எனக்கு இதுதான் உச்சம். ஆனா நிஜத்துல, ஹாமில்டனும் எலைசாவும் பழகினது 1780ல. ஏஞ்சலிகாவுக்கு 1777லயே கல்யாணம் ஆகிடுச்சு! இதைக் கண்டுபிடிச்சதும் ரசிகர்கள்ல பாதிப் பேர் 'ஏமாத்திட்டாங்க'னு புலம்பினாங்க. மீதிப் பேர் 'கதைக்கு வேணும், போவியா'னு விட்டுட்டாங்க. நான் ரெண்டாவது கட்சி.

இன்னொரு பாட்டு இருக்கு. ஹாமில்டனோட மூத்த மகன் 19 வயசுல துப்பாக்கிச் சண்டையில செத்துப்போறான். அதுக்கப்புறம் அப்பாவும் அம்மாவும் பேச்சில்லாம தெருவுல நடக்கிறதைப் பத்தின பாட்டு. பஸ்ல, ரயில்ல அதைக் கேட்கக் கூடாதுனு ரசிகர்களுக்குள்ள எழுதாத சட்டமே உண்டு. அக்கா அது வந்தாலே தாண்டிப் போயிடுவா. 2016ல பெரியப்பா தவறினப்போ விசா புதுப்பிக்கிற நேரம். அவளால வர முடியலை. போன்ல வீடியோ வெச்சுக் காட்டறோம்னோம், வேணாம்னுட்டா. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா. ஏன்னு நான் கேட்கலை.

சரி, நியூஜெர்ஸியில இருந்தவ ஆத்தைத் தாண்டிப் போய் நாடகத்தையே பார்த்திருக்கலாமேனு தோணுதா? டிக்கெட் யார் கொடுத்தா! 2016ல டோனி விருது 11 அள்ளினப்போ, தியேட்டரே வெச்ச உச்ச விலை 849 டாலர். வெளியே இன்னும் பல மடங்கு. குலுக்கல்ல முன்வரிசை சீட்டு 10 டாலருக்குத் தருவாங்க. 10 டாலர் நோட்டுல இருக்கிறது ஹாமில்டன் முகமாச்சே! 2015ல அதுக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டர் வாசல்ல கும்பல் அம்மும். பேர் வராதவங்க மனசு ஆறட்டும்னு நடிகர்களே தெருவுக்கு வந்து ரெண்டு நிமிஷம் ஏதாவது பண்ணுவாங்க. அக்கா எத்தனையோ தடவை அந்த ரெண்டு நிமிஷத்தோட ஊர் திரும்பியிருக்கா.

ஆக, 'ஹாமில்டன்' பைத்தியங்கள்ல முக்கால்வாசிப் பேர் மேடையைப் பார்க்காதவங்கதான். நேரில் பார்த்த சிலர் 'ஆல்பம் மட்டும் கேட்டவன்லாம் ரசிகனா?'னு சீன் போடுவாங்க. அவங்களுக்கு நான் சொல்ற பதில் 'பி மோர் சில்'. 2015ல நியூஜெர்ஸியில ஒரு சின்ன தியேட்டர்ல ஒரு மாசம் ஓடி மூடின நாடகம். அவ்வளவுதான்னு நினைச்சாங்க. ஆல்பம் மட்டும் தங்கிச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்கூல் பசங்க காதுல விழுந்து, படம் வரைஞ்சு, பாடிப் பாடி, 2019ல அதை பிராட்வே மேடையிலயே ஏத்திட்டாங்க! பார்க்காதவங்க சேர்ந்து உயிர் கொடுத்த நாடகம் அது. அங்க அஞ்சு மாசம்தான் ஓடுச்சு, அது வேற கதை.

இனிமே ஸ்பாய்லர். வேணாம்னா இங்கேயே நிறுத்திக்குங்க.

ஹாமில்டனோட உயிர் நண்பன் ஜான் லாரன்ஸ். அடிமை முறையை ஒழிக்கணும்னு துடிக்கிறவன். ஆல்பத்துல முதல் பாதி முழுக்க இருப்பான். அப்புறம்... காணோம்! எப்படிச் செத்தான்னு ஒரு வார்த்தை கிடையாது. 46 பாட்டையும் தலைகீழா ஒப்பிக்கிறவங்களுக்கும் அது உறுத்தும். விஷயம் என்னன்னா, யார்க்டவுன் போர் ஜெயிச்சதுக்கு அப்புறம், 1782ல ஒரு சின்ன மோதல்ல அவன் செத்துப்போறான். மேடையில அதுக்கு ஒரு குட்டிக் காட்சி இருக்கு. கடிதம் வரும், எலைசா படிப்பா, ஹாமில்டன் ஒரு நொடி உறைஞ்சு நின்னுட்டு வேலை இருக்குனு கிளம்பிடுவான். மிராண்டா அதை வேணும்னே ஆல்பத்துல வைக்கலை. பாட்டைவிட அது காட்சிதான், நேரில் வர்றவங்களுக்குனு ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்னு சொல்லிட்டார்.

அக்காவுக்கு 2018ல டிக்கெட் கிடைச்சுது. பார்த்துட்டு போன் பண்ணி, "ஒண்ணு இருக்குடா, சொல்ல மாட்டேன்"னா. நானும் எங்கேயும் தேடிப் படிக்காம இருந்தேன். 2020 ஜூலை 3ல, முதல் நடிகர்கள் நடிச்ச மேடைப் பதிவு டிஸ்னி பிளஸ்ல வந்தப்போதான் லாரன்ஸ் செத்ததையே பார்த்தேன். உடனே போனைப் போட்டுச் சண்டை.

"இதை எப்படிக்கா மறைக்கலாம்? தியேட்டருக்குப் போக முடியாதவனுக்கு ஆல்பம்தானே நாடகம்? அவனுக்கு லாரன்ஸ் சாகிற காட்சியே இல்லையே! இது ஓரவஞ்சனை இல்லையா?"

"சாகலைன்னா நல்லதுதானேடா"னா அக்கா. "பார்க்காதவங்களுக்கு அவன் எங்கேயோ இருந்துட்டுப் போகட்டுமே."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவளே, கூட்டத்துல ஆடற ஆரியானா டிபோஸைக் கவனிச்சியானு கேட்டா. கடைசிச் சண்டையில ஹாமில்டனை நோக்கி மெதுவா வர்ற தோட்டா அவதான். ஆனா அதுக்கு முன்னாடியே, சாகப்போற ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் அவ வந்து நிற்பாளாம். ஆல்பத்தை ஆயிரம் தடவை கேட்டாலும் அது தெரியாது. படத்தை மறுபடி முதல்லேர்ந்து ஓட விட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டு, அவ எங்கெங்க நிற்கிறானு எண்ண ஆரம்பிச்சோம்.