கொழுக்குமலைப் பாதை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறுவதைப் பயணம் என்பதைவிடக் குலுக்கல் என்பதே தகும். பாதையெங்கும் பெருங்கற்கள், நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியே ஏறும். இறக்கத்திலும் முதல் கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பலாகாது. எங்கள் அலுவலகக் கோப்புகளே இதைவிட விரைந்து நகரும்!

ஏறத்தாழ 7,900 அடி உயரத்திலுள்ள அத்தேயிலைத் தோட்டம் தமிழகத்தின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டிப்பாதையோ கேரளத்து இடுக்கி வழியாக மட்டுமே. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன.

“அண்ணா, உங்க ஊர் எது?” என்று என் மகள் ஓட்டுநரை வினவினாள்.

“பொறந்தது சூரியநெல்லி, பாப்பா. ஊரு போடி. தாத்தா அங்கேருந்து மலையேறி நடந்தே வந்தாரு.”

தில்லியில் பிறந்து, ‘ஊர் திருநெல்வேலி’ என்று சொல்லி வளர்ந்தவள் அவள். அவ்விடை அவளுக்குப் புதிராக இல்லை. முன்கம்பியை இறுகப் பற்றியவாறு அடுத்த வளைவை நோக்கலானாள்.